ஆவணக்கெண்ணெயும் ஜெல்லும்

அருமனையில் ஒரு மருந்துக்கடையில் பத்து வருடமாக நிற்கிறேன். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து மாத்திரையை எண்ணிப் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று கவரில் கோடு கிழித்துக் கொடுப்பது வேலை. கூடவே, கேட்காதவர்களுக்கும் ஒரு பாடம் நடத்துவேன். கஷாயமோ, லேகியமோ, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரையோ, எதைத் தின்றிருந்தாலும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்பதுதான் பாடம். மறைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நன்றாக ஏசுவேன். கடைக்கு வருகிறவர்கள் என்னை டீச்சர் என்று கிண்டலாகக் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஊருக்குத்தான் உபதேசம். என் பிரசவத்தில் அந்தப் பாடத்தை மீறியது நான்தான். மகளுக்கு இப்போது நான்கு மாதம். பால் குடித்துவிட்டு உறங்குகிறாள். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும் என்று அன்றே நினைத்தேன், இப்போதுதான் கை ஒழிந்திருக்கிறது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் பிரின்சி, வயது முப்பத்து மூன்று. கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டாம் வருடம் ஒன்று தங்கி, மூன்றாம் மாதமே போய்விட்டது. அதன்பிறகு இதுதான். கணவர் ஷிபு குவைத்தில் எலெக்ட்ரீஷியன். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். எனக்கு அம்மா இல்லை, நான் காலேஜ் படிக்கும்போதே இறந்துவிட்டார். ஏழாம் மாதம் யார் கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சு வந்தபோது மாமியார்தான், "எங்கயும் போவாண்டாம். நான் பாக்கேன்," என்று முடித்துவைத்தார். அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனுஷி. என் வாய்க்கு அவர் காது சரியாக இருந்தது.

குறித்த தேதி வந்தது, போனது. பிள்ளைக்கு வெளியே வர மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக் கோவிலுக்குப் போனால் ஆராதனை முடிந்ததும் நாலு பேர் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். "இன்னும் பெறலியா மக்கா?" என்று ஒருவர். "உள்ள சொகமா இருக்கு போல," என்று இன்னொருவர். நானும் சிரித்துக்கொண்டு, "வாடகை இல்லாத வீடில்லியா," என்பேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டால் சிரிப்பெல்லாம் போய்விடும். வயிற்றில் கைவைத்து அசைவை எண்ணிக்கொண்டே இருப்பேன்.

தேதி தாண்டி ஆறாம் நாள் செக்கப். பிரஷர் ஏறியிருந்தது. டாக்டர் உள்ளே பரிசோதித்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "இனிமேல் காத்திருக்க வேண்டாம். நாளைக்குக் காலையில அட்மிட் ஆகுங்க. வலி வர வைக்கலாம்."

அவர் விளக்கியது இது. பிள்ளை இறங்க வேண்டுமானால் கருப்பையின் வாய் முதலில் இளக வேண்டும், குறுக வேண்டும், பிறகு திறக்க வேண்டும். எவ்வளவு இளகியிருக்கிறது என்பதற்கு மார்க் போடுவார்கள். பதிமூன்றுக்குக் குறைந்தது எட்டு இருந்தால் நல்லது. எனக்கு மூன்று. படிக்கும் காலத்தில்கூட இப்படி ஒரு மார்க் வாங்கியதில்லை. அதனால் முதலில் ஜெல். நம் உடம்பே சுரக்கிற ஒரு பொருளை மருந்தாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்து வைத்திருப்பார்கள். அதைக் கருப்பை வாயில் வைத்தால் அது மெல்ல இளகும், சிலருக்கு அதிலேயே நோவும் தொடங்கும். தொடங்காவிட்டால் ஆறு மணிநேரமாவது கழித்து ஆக்ஸிடோசின் டிரிப். அது கருப்பையைச் சுருங்கவைக்கிற மருந்து, சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள்.

இரண்டு மருந்தும் எனக்குத் தெரியும். இரண்டையும் எங்கள் கடை ஃபிரிட்ஜில், தடுப்பூசிக்குப் பக்கத்துத் தட்டில் வைப்போம். பெட்டியின் நிறம் தெரியும், காலாவதித் தேதி எங்கே அச்சடித்திருக்கும் என்று தெரியும். அது ஒரு உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்பதைக் கடைக்கு வந்த பெண்கள் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். பிள்ளைக்கு கிரைப் வாட்டர் வாங்க வந்து, கவுண்டரில் சாய்ந்து நின்று எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். தானாக வருகிற நோவு வேறு, மருந்து வைத்து வரவழைக்கிற நோவு வேறு. ஒருத்தி, கட்டில் கம்பியை வளைத்துவிட்டேன் என்றாள். நான் சிரித்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்று தைரியம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உண்மையில் எனக்கு நல்ல பயம். எங்கள் பேச்சில் பேடி என்போம். அந்த வார்த்தையை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. பத்து வருடம் ஊருக்கெல்லாம் தைரியம் விற்றவள், இப்போது எனக்கே கையில் இல்லை என்று எப்படிச் சொல்வது? மாமி மூன்று பெற்றவர். அவரிடம் சொல்ல வெட்கம். ஷிபுவிடம் சொன்னால் அங்கே இருந்து அவர் என்ன செய்வார், பாவம்.

கடையில் இருந்து வாங்கி வீட்டில் வைத்திருந்த ஒரு குப்பி ஆமணக்கெண்ணெய் இருந்தது. எங்கள் பக்கத்தில் அதை ஆவணக்கெண்ணெய் என்பார்கள். நாள் கடந்த பெண்ணுக்குச் சூடான சுக்குக்காப்பியில் அதை ஊற்றிக் கொடுப்பது பழைய வழக்கம். வயிறு இளகினால் நோவும் கூடவே வரும் என்பார்கள். இதைக் கடையில் யாராவது கேட்டால் நான் விரட்டியடிப்பேன். அன்று என் புத்தி வேறு கணக்குப் போட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் நோவு தானாக வந்துவிட்டால் ஜெல்லும் வேண்டாம், டிரிப்பும் வேண்டாம்.

விடிந்ததும், மாமி கோழிக்கூட்டைத் திறக்கப் பின்பக்கம் போன நேரத்தில், அடுக்களையில் நின்று பாதிக் குப்பியைச் சுக்குக்காப்பியில் கலக்கிக் குடித்தேன். தொண்டையில் வழுவழுவென்று இறங்கியது, குமட்டியது. டம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். குப்பியைப் பழைய துணிக்குள் ஒளித்தேன். கிளம்புவதற்குள் இரண்டு முறை கக்கூசுக்கு ஓடினேன். நோவு வரவில்லை.

ஆட்டோவில் போனோம். மழை. ரப்பர் தோட்டத்து வளைவுகளில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாமி என் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்துகொண்டே வந்தார். போன ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அவர்கள்மேல் குறை எதுவும் இல்லை. குறையெல்லாம் என்மேல்தான்.

அட்மிஷன் சமயத்தில் லிசி சிஸ்டர் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். சுகர் உண்டா, தைராய்டு உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்காதா. கடைசியில், "வேற ஏதாவது எடுத்தீங்களா? கஷாயம், எண்ணெய், நாட்டு மருந்து?"

"இல்ல சிஸ்டர்."

"மருந்துக்கடையில நிக்க ஆளு. உங்ககிட்ட இதக் கேக்கணுமா," என்று சிரித்து, தாளில் ஒரு கோடு போட்டார். பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற மாமி என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றக் குனிந்துகொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். டாக்டர் ஏசுவாரே என்ற வெட்கம் ஒன்று. இந்தக் கதை நான் திரும்பிப் போவதற்கு முன்பே எங்கள் கடைவாசலுக்குப் போய்விடுமே என்ற மானப் பிரச்சினை இன்னொன்று. பிள்ளைக்கு ஏதாவது ஆகும் என்பது மட்டும் அப்போது என் நினைவில் வரவே இல்லை. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

லேபர் ரூமுக்கு முந்தைய அறையில் மூன்று கட்டில். வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டினார்கள். ஒன்று பிள்ளையின் நெஞ்சடிப்பைப் பிடிக்கும், மற்றொன்று வயிறு இறுகுவதைப் பிடிக்கும். மெஷின் இரண்டையும் தாளில் கோடாக எழுதிக்கொண்டே போகும். நெஞ்சடிப்பு நிமிடத்துக்கு நூற்றுப்பத்திலிருந்து நூற்றறுபதுக்குள் இருக்க வேண்டும். என் பிள்ளைக்கு நூற்று நாற்பத்திரண்டு. குதிரை ஓடுகிற மாதிரி அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பத்து மணிக்கு ஜெல் வைத்தார்கள். வலிக்கவில்லை, குளிர்ந்தது. அசையாமல் படுக்கச் சொன்னார்கள்.

பக்கத்துக் கட்டிலில் திற்பரப்புக்காரி சுமதி. மூன்றாவது பிள்ளை. நோவுக்கு நடுவே கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். "தலப்பிள்ளையா? பயப்படாத கேட்டியா. ஒரு மட்டுக்கு மேல போனா அதுக்கு மேல போகாது," என்றாள். அது ஆறுதலா மிரட்டலா என்று எனக்குப் புரியவில்லை.

பதினொன்றரைக்கு அடிவயிறு இறுகத் தொடங்கியது. முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. எண்ணெயோ ஜெல்லோ, எது வேலை செய்தால் என்ன என்று நினைத்தேன். பன்னிரண்டரை ஆகும்போது இடைவெளி இல்லாமல் போயிற்று. ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது ஏறியது. வலியைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை, கம்பியை வளைத்தவளை நான் கிண்டல் செய்திருக்கக் கூடாது என்பது மட்டும் புரிந்தது.

இடைவெளி எதற்கு என்று பிறகு டாக்டர் சொன்னார். கருப்பை இறுகும்போது பிள்ளைக்குப் போகிற இரத்தம் குறையும். அது தளர்ந்தால்தான் பிள்ளை மூச்சு வாங்கிக்கொள்ள முடியும். பத்து நிமிடத்துக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து முறை இறுகலாம். எனக்கு ஏழு வந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு மூச்சு வாங்க நேரமே கொடுக்கவில்லை.

மெஷினின் சத்தம் மெதுவாயிற்று. எனக்கு முதலில் மெஷின் கெட்டுவிட்டது என்று தோன்றியது. நூற்றுப்பத்து. தொண்ணூற்றாறு. எண்பத்து நான்கு. லிசி சிஸ்டர் ஓடிவந்து என்னை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, குளுக்கோஸை வேகமாகத் திறந்துவிட்டார். இடப்பக்கம் படுத்தால் பெரிய இரத்தக்குழாய் அழுந்தாமல் பிள்ளைக்கு இரத்தம் கூடுதலாகப் போகும். டாக்டர் வந்து தாளைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"ஒரு ஜெல்லுக்கு இப்படி வராதே. பிரஷர் வேற இருக்கு. நச்சுக்கொடி கழண்டுட்டா இப்படி இருக்கும். பிரின்சி, என்னைப் பாருங்க. வேற எதுவும் எடுத்தீங்களா?"

வலி உச்சத்தில் இருந்தது, பேச முடியவில்லை. அது உண்மை. ஆனால் முழு உண்மையையும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வலி இறங்கியது. பத்து எண்ணுகிற அளவுக்கு ஒரு சின்ன இடைவெளி கிடைத்தது. அதற்குள் என்னால் சொல்லியிருக்க முடியும். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"டாக்டர்." வாசலில் மாமி நின்றார். துணைக்கு வந்த பைஸ்டாண்டர் வராந்தாவில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டக் கூடாது. அவர் தாண்டி வந்திருந்தார். "நான் குடுத்தேன். ஆவணக்கெண்ணெய். காலத்தே சுக்குக்காப்பியில. பாதிக் குப்பி இருக்கும்."

டாக்டர் அவரை ஒரு நொடி பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, லிசி சிஸ்டரிடம் ஒரு ஊசி கேட்டார். மேல்கையில் தோலுக்கு அடியில் போட்டார்கள். கருப்பையைத் தளர்த்துகிற மருந்து அது. அதன் பெயர் காதில் விழுந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூச்சுக்குழாயைத் தளர்த்துவதற்காக இருமல் சிரப்பில் சேர்க்கிற அதே மருந்து. வாரத்துக்குப் பத்துக் குப்பி விற்றிருக்கிறேன்.

"பத்து நிமிஷம் பாக்கலாம். ஏறலன்னா தியேட்டர்," என்றார் டாக்டர். வெளியே ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது. ஆபரேஷனுக்கு ஆட்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

என் நெஞ்சு படபடத்தது, விரல்கள் நடுங்கின. அந்த மருந்துக்கு அப்படித்தான் இருக்கும். ஆண்டவரே, எனக்கு எது வேண்டுமானாலும் செய்யும், பிள்ளை பாவம், அது ஒன்றும் குடிக்கவில்லையே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சுமதி மிட்டாயைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பி உட்கார்ந்திருந்தாள். வயிறு ஒருமுறை தளர்ந்தது. பிறகு தளர்ந்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தது. தொண்ணூறு. நூற்று நான்கு. நூற்றுப் பதினெட்டு. சிஸ்டர் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். நூற்று முப்பத்தாறில் நிறுத்திவிட்டு, நெற்றியைத் துடைத்தார்.

"காரணம் தெரிஞ்சதால பத்து நிமிஷம் பொறுத்தேன்," என்றார் டாக்டர். "தெரியலன்னா நச்சுக்கொடின்னு நெனச்சு அப்பவே அறுத்திருப்பேன்." எண்ணெய் குடலைக் கிளறும், குடலைக் கிளறினால் பக்கத்திலிருக்கும் கருப்பையும் கிளறும், எவ்வளவு கிளறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதன்மேல் ஜெல்லும் சேர்ந்தால் இப்படித்தான் என்று விளக்கினார். இன்று எதுவும் வேண்டாம், உடம்புக்குத் தண்ணீர் ஏற்றி, நாளை காலை பார்க்கலாம் என்று முடிவு செய்தார்.

அதன்பிறகு வராந்தாவில் மாமிக்கு ஏச்சு கிடைத்தது. கதவு திறந்தே இருந்தது, எல்லாம் கேட்டது.

"உங்க காலத்து வைத்தியத்த உங்களோட வச்சுக்கணும். பிள்ளை போயிருந்தா யார் பதில் சொல்றது? அந்தப் பொண்ணு மருந்து படிச்சவ. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பா."

"தெரியாம செஞ்சிட்டேன் டாக்டர்," என்றார் மாமி.

நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அன்று பிற்பகல் மாமி கஞ்சி கொண்டுவந்தபோது, லிசி சிஸ்டர் ஃபிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். சாயங்காலம் சாயா கொண்டுவந்தபோதும் அப்படியே. சிஸ்டரைக் குற்றம் சொல்ல முடியாது. மாமி மூடியைத் திறந்து நீட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் சோதனைக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். ஷிபு விஷயம் கேள்விப்பட்டு வீடியோவில் வந்து, "அம்மைக்கு என்ன ஏட்டி, புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினார். மாமி என் தலைமாட்டில்தான் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வாங்கி, "பிள்ள சொகமா இருக்கு. நீ சோறு தின்னியா?" என்று கேட்டார். பார்க்க வந்த சபைப் பெண்கள் இரண்டுபேர் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, மாமியிடம் முகம் கொடுக்காமல் போனார்கள்.

அவர்கள் போனபின், "மாமி," என்று தொடங்கினேன்.

"இப்பம் ஒண்ணும் பறயாண்டாம்," என்று என் பாதத்தைத் துடைத்துவிட்டார். "பிள்ளைக்குக் கேக்கும். கண்ண மூடு."

மறுநாள் காலை என் மார்க் ஏழாகியிருந்தது. பனிக்குடத்தை உடைத்துவிட்டு டிரிப் போட்டார்கள். கடை ஃபிரிட்ஜில் பார்த்த அதே சின்னக் கண்ணாடிக் குப்பிதான். சொட்டை அளந்து ஏற்றுகிற ஒரு மெஷின் வழியாக மிகக் குறைந்த அளவில் தொடங்கி, அரைமணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். பெல்ட்டை அவிழ்க்கவே இல்லை. இந்த மருந்தில் ஒரு நன்மை, இறுகுவது அதிகமானால் மெஷினை நிறுத்தலாம். சில நிமிடங்களில் வேகம் குறைந்துவிடும். ஜெல்லும் எண்ணெயும் அப்படியல்ல, உள்ளே போனது போனதுதான்.

பத்தரைக்கு நோவு பிடித்தது. இந்தமுறை இடைவெளி இருந்தது. இருந்தாலும் நோவு நோவுதான். சுமதி அதிகாலையிலேயே ஆண்பிள்ளை பெற்று வார்டுக்குப் போய்விட்டாள், அவள் கட்டில் காலியாகக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்த என்னிடம் லிசி சிஸ்டர் இருக்கிற வழிகளைச் சொன்னார். இடுப்பில் ஊசி போட்டால் வலி கொஞ்சம் மந்தமாகும், தூக்கம் வரும், குமட்டும். பிள்ளை பிறக்கிற நேரம் நெருங்கிப் போட்டால் பிள்ளையும் மந்தமாகப் பிறக்கலாம். மற்றொன்று எபிடியூரல். முதுகெலும்புக்கு இடையில் மெல்லிய குழாய் வைத்து, மரத்துப்போகிற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. கால் கனக்கும், பிரஷர் இறங்கலாம், தள்ளுகிற நேரம் சற்று நீளலாம். ஏற்கெனவே பிரஷர் இருப்பவர்களுக்கு நல்லதுதான் என்று டாக்டரும் சொன்னார்.

நான் யோசித்தேன். யோசிக்க அதில் எதுவும் இல்லை. எனக்குப் பழகாத ஒரு காரியத்தைச் செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "எனக்கு வய்யா சிஸ்டர், தாங்க முடியல. முதுகுல வைக்கது வேணும்," என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

சபைச் செயலாளர் அக்கா அந்நேரம் பார்க்க வந்து வாசலில் நின்றிருந்தார். "முதுகுல ஊசி போட்டா சாவுமட்டும் நடுவு நோவும், தங்கபாய். நாமெல்லாம் பொறுத்துத்தானே பெற்றோம்," என்று மாமியிடம் சொன்னது கேட்டது.

"நோவு அவளுக்காக்கும்," என்றார் மாமி. "அவ கேக்கத குடுக்கட்டும்."

மயக்க டாக்டர் வந்து என்னைக் குனிந்து உட்காரச் சொன்னார். முதுகு வளைந்து, அசையாமல் இருக்க வேண்டும், நோவு வரும்போதும். சிஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஒரு எறும்புக்கடி, பிறகு ஒரு அழுத்தம். கால் மணிநேரத்தில் வலி அடுத்த அறைக்குப் போய்விட்டது. இறுக்கம் மட்டும் தெரிந்தது. ஊசி போட்ட இடம் இரண்டு நாள் தொட்டால் வலித்தது. சாகும்வரை வருகிற முதுகுவலி எல்லாம் வெறும் பேச்சு என்று டாக்டர் சொன்னார், எனக்கு இந்த நான்கு மாதத்தில் பிள்ளையைத் தூக்குவதால் வருகிற வலிதான்.

நாலரை மணிக்குப் பெண்பிள்ளை. உடனே என் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். மறுபடியும் ஆக்ஸிடோசின். பெற வைத்த மருந்தே, பெற்றபின் கருப்பையைச் சுருக்கி இரத்தம் போகாமல் காக்கிறது. அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை அழுதாள். சண்டைக்காரியின் குரல். என் மார்பில் போட்டார்கள். சூடாக, ஈரமாக இருந்தாள். நான் அவளிடம் முதலில் சொன்னது மன்னிச்சிடு என்பதுதான்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மாமி மூன்றுவேளையும் குளிப்பாட்டவும் கஞ்சி வைக்கவும் துணி துவைக்கவுமாக இருந்தார். நான் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். நாள் போகப் போக எனக்கும் அது வசதியாகிவிட்டது என்று சொல்ல வெட்கப்படுகிறேன்.

நாற்பது நாள் கழிந்து பிள்ளையைக் கோவிலுக்குக் கொண்டுபோனோம். எங்கள் சபையில் ஆபத்திலிருந்து தப்பியவர்கள் பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்வது வழக்கம். எழுந்து நின்று, மைக்கைப் பிடித்து, ஆண்டவர் எப்படிக் காத்தார் என்று சொல்ல வேண்டும். நானும் நாலு வரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எனக்கு முன்னால் செயலாளர் அக்கா ஜெபித்தார். பிள்ளைக்காக, எனக்காக, டாக்டருக்காக ஜெபித்துவிட்டு, "பெரியவர்களுடைய அறியாமையினாலே வந்த ஆபத்தையும் விலக்கினீரே," என்றார். சுற்றிலும் ஆமென் என்றார்கள். எனக்குப் பக்கத்தில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மாமியும் ஆமென் என்றார்.

மைக் என் கைக்கு வந்தது. மனப்பாடம் செய்தது எதுவும் வரவில்லை.

"எண்ணெய மாமி தரல," என்றேன். "நானேதான் குடிச்சேன். ஆஸ்பத்திரியில ரெண்டு தடவ கேட்டாங்க. ரெண்டு தடவையும் இல்லன்னு பறஞ்சேன். மாமி பழிய ஏத்துக்கிட்டாங்க. அதனாலதான் இவ இருக்கா. நான் இத்தனை நாள் சும்மா இருந்தேன்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. செயலாளர் அக்கா மைக்கை வாங்கி ஒரு பாட்டைத் தொடங்கினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மாமிக்கு நல்ல கோபம். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் விறுவிறுவென்று போனார். "இத மைக்கில பறயணுமா? நாளைக்குக் கடையில ஒனக்க மூஞ்சிய எப்பிடிக் காட்டுவ?"

"நீங்க எப்பிடிக் காட்டுனீங்க மாமி?"

மாமி நின்றார்.

"காலத்தே அடுக்களைல கேறினப்பமே மணம் வந்துது. பழைய துணிக்குள்ள பாதிக் குப்பியையும் கண்டேன். மூணு பெத்தவளுக்கு அந்த மணம் தெரியாதா? சிஸ்டர் கேட்டப்பம் நீ பறவன்னு நெனச்சேன். பறயேல. பொறவு பிள்ளைக்க நெஞ்சடிப்பு கொறையுதுன்னாங்க."

"அப்பம் இவதான் குடிச்சான்னு பறஞ்சிருக்கலாமே."

"நீ இல்லன்னு தலையாட்டுத. நான் ஆமான்னு பறஞ்சா, டாக்டர் யார நம்புவா? கேட்டு முடிக்கதுக்குள்ள நேரம் போயிரும். நான் குடுத்தேன்னு பறஞ்சா ஒடனே நம்புவா. மாமியாரு செஞ்சான்னா யாரும் ரெண்டாவது ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டுப் பிள்ளையின் தலைத்துணியைச் சரிசெய்தார்.

"ஆனா ஒண்ணு," என்றார். "பேடியா இருக்குன்னு என்கிட்ட ஒரு வாக்கு பறஞ்சிருக்கலாம் மக்கா."

"பேடியாத்தான் இருந்துச்சு மாமி. நல்ல பேடி."

"எனக்கும்தான்," என்றார் மாமி.